உதவுவதற்கு முன் படித்துவிட்டுப் போவோம்

விடுமுறைக்குப் புஞ்சாக் ஆலாம் திரும்பினால் என் கைப்பேசி எனக்குச் சொந்தமில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் அடையாளக் கார்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். “தம்பி, அந்த பிரிம் காசு வருதான்னு கொஞ்சம் பாரு.”

பிரிம் என்ற பெயர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2012-இல் அந்தப் பெயரில் தொடங்கிய உதவி, பி.எஸ்.எச்., பி.பி.ஆர்., பி.கே.எம். என்று மாறி, 2023 முதல் ரஹ்மா ரொக்க உதவி, அதாவது எஸ்.டி.ஆர். என வழங்கப்படுகிறது. உள்நாட்டு வருமான வாரியத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், விவரங்களைப் புதுப்பிக்கலாம். மலாய் படிவத்தைக் கண்டு தயங்கும் பெரியவர்களுக்கு நம்மைப் போன்ற பிள்ளைகள்தாம் ஆலோசகர்கள்.

அந்த ஆலோசகர் வேலையில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் வரிசையில் கணவரை இழந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. “மகன் சம்பாதிக்கிறான்ல, எனக்குக் கிடைக்காதில்ல?” என்று கேட்டார். “ஆமாம் பாட்டி, கிடைக்காது” என்றேன். எதையும் பார்க்காமல் சொன்ன பதில் அது.

சில மாதங்கள் கழித்து வாரியத்தின் கேள்வி பதில் பகுதியைப் படித்தேன். விண்ணப்பதாரர், அவருடைய துணைவர் ஆகியோரின் வருமானம்தான் கணக்கு. தனியாகச் சம்பாதிக்கும் மகனின் சம்பளம் அதில் சேராது. துணையில்லாத மூத்த குடிமக்களுக்கு 2025-இல் அறிவிக்கப்பட்ட தொகை 600 ரிங்கிட். மறுநாளே விண்ணப்பித்தோம். ஆனால், அதுவரை மருந்து வாங்கவும் மகனின் கையை எதிர்பார்த்திருந்தார் அவர். என் ஒரு சொல்லை நம்பியதற்கு அவர் கொடுத்த விலை அது.

இளையோரும் இதில் ஏமாறுகிறார்கள். எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் நண்பர்கள் சிலருக்கு, மிகைநேரம் அதிகம் செய்த மாதங்களில் சம்பளத்திலிருந்து பி.சி.பி. வரி பிடிக்கப்படுகிறது. வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் வரித் தள்ளுபடி உண்டு. கூடுதலாகப் பிடித்த பணம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால், வருமானத்தை இணையம் வழி அறிவிக்க வேண்டும். “எனக்கென்ன வருமானம்?” என்று சும்மா இருப்பவரின் பணம் அங்கேயே கிடக்கும்.

அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தொண்டூழியர்கள் குறைந்த வருமானத்தோருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். அவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. ஆனால், தேர்வில் தேறிய பிறகே படிவத்தைத் தொட முடியும். ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சரிபார்ப்பார். நல்ல மனம் மட்டும் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்கள், வாரியத்தின் அதிகாரப்பூர்வ விளக்கங்களைக் கொண்டு எளிய தமிழில் ஒரு வழிகாட்டியைத் தயாரிக்கலாம். தகுதியும் தொகையும் மாறக்கூடியவை என்பதால், எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று அதில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கணக்கியல் படிக்கும் மாணவர்கள் அதைச் சரிபார்க்கலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் அதைக் கையோடு கொண்டு போகலாம்.

மூன்று விதிகளையும் மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாமல், அதிகாரப்பூர்வ தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்வோம். பெரியவர்களின் கடவுச்சொல்லையும் அடையாளக் கார்டுப் படத்தையும் நம் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டாம். தெரியாததற்கு, “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்போம்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று சொல்லியிருந்தால், பாட்டி அத்தனை மாதங்கள் காத்திருந்திருக்க மாட்டார்.