‘அடையாளம் தெரிந்தால் போதும்’ என்னும் பொய்

இந்தியாவில் பிரெஞ்சு கற்பிக்கப்படும் வகுப்புகளில் ஒரு வாக்கியம் மந்திரம்போல் ஓதப்படுகிறது: “பாஸே சேம்ப்ல் பேச்சில் இல்லை, கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.” பாடநூலின் கடைசிப் பக்கங்களில் ஒரு சிறு கட்டம், அதற்குள் மூன்று வினைகளின் வடிவங்கள், அடியில் ‘தேர்வுக்கு இல்லை’ என்று ஆசிரியரின் வாய்மொழி. முதுகலை வரை சென்ற மாணவர் பாரிஸ் உணவகத்தில் காப்பி கேட்கவும் மருத்துவரிடம் நேரம் வாங்கவும் தெரிந்தவராக வெளியே வருகிறார். பாரிஸுக்குப் போகப்போகிறவர் அவர்களில் எத்தனை பேர் என்பதை யாரும் கேட்பதில்லை. நூலகத்துக்குப் போக வேண்டியவர்கள் பலர். அங்கே அலமாரியிலிருந்து எடுக்கும் பழைய கதைநூல் எதுவும் அவருக்குப் பிடிகொடுப்பதில்லை.

பெயரிலுள்ள ‘சேம்ப்ல்’ என்பது எளிமையைக் குறிப்பதன்று. துணைவினை இல்லாமல் ஒரே சொல்லில் நிற்கும் இறந்தகாலம் என்பதே பொருள். அதன் இணையான பாஸே கொம்போஸே, துணைவினையும் எச்சமும் கூடிய கூட்டு இறந்தகாலம். பேச்சுக்கு உரியது அது. எழுத்துக் கதைக்கு உரியது தனி இறந்தகாலம்.

‘கடினம், ஆகவே தவிர்க்கிறோம்’ என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ‘பார்லே’ (பேசு) என்பதன் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் பகுதியோடு ஆறு விகுதிகளை ஒட்டினால் வேலை முடிந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் வரிசையில் ஒருமை ‘பார்லே, பார்லா, பார்லா’ என ஒலிக்கும். பன்மை ‘பார்லாம், பார்லாத், பார்லேர்’. ‘ஃபினீர்’ (முடி), ‘வாந்த்ர்’ (விற்பனை செய்) ஆகியவற்றின் வகுப்புகள் இரண்டும் ஒரே விகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன: ஒருமை மூன்றிலும் ‘ஃபினி’, ‘வாந்தி’, பன்மையில் ‘ஃபினீம், ஃபினீத், ஃபினீர்’, ‘வாந்தீம், வாந்தீத், வாந்தீர்’. ஒழுங்கான வினைகளைப் பொறுத்தவரை விதி இவ்வளவுதான்.

முதலாண்டிலேயே மாணவர் தலையில் ஏற்றப்படும் கூட்டு இறந்தகாலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். துணைவினை ‘அவ்வாரா’, ‘எத்ரா’ என்று ஒவ்வொரு வினைக்கும் முடிவு செய்ய வேண்டும். ‘எத்ர்’ என்றால் எச்சம் எழுவாய்க்கேற்பப் பாலும் எண்ணும் காட்ட வேண்டும். ‘அவ்வார்’ என்றால், செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வரும்போது மட்டும் அதற்கேற்ப மாற வேண்டும். பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் விதி இது. இதைக் கற்பிக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறதாம். ஆறு விகுதிகளுக்கு நேரம் இல்லையாம்.

அடுத்தது, ‘அடையாளம் தெரிந்தால் போதும்’ என்பது. வடிவங்களை ஆக்கத் தெரியாதவருக்கு அடையாளம் மட்டும் எப்படித் தெரியும் என்பதை இந்த வாதத்தை முன்வைப்போர் விளக்குவதே இல்லை. ‘ஃபினீர்’ வகுப்பின் ஒருமை வடிவங்கள் மூன்றும் நிகழ்கால வடிவங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றானவை. ‘அவன் முடித்தான்’, ‘அவன் முடிக்கிறான்’ இரண்டையும் ஒரே எழுத்துக்கோவை குறிக்கிறது. பன்மைக்கு வந்தால்தான் நிகழ்காலத்தில் இடையே ஓர் ‘இஸ்’ நுழைந்து வேறுபாடு காட்டும். சுற்றியுள்ள வினைகளின் விகுதிகளை அறிந்தவருக்கு இது இறந்தகாலம் என்று உடனே தெரியும். அறியாதவர், ஆசிரியர் திடீரென நிகழ்காலத்துக்குத் தாவிவிட்டார் என்று நினைப்பார். ‘பார்லே’ வகுப்பிலோ தன்மை ஒருமையின் தனி இறந்தகாலத்துக்கும் தொடர் இறந்தகாலத்துக்கும் இடையே எழுத்தில் ஒரே ஒரு ‘எஸ்’தான் வேறுபாடு, பலருடைய உச்சரிப்பில் அதுவும் இல்லை. ‘பேசினேன்’ என்பதா, ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதா? ஒரு நிகழ்ச்சி நடந்ததா, அது பின்னணியா என்பதையே தீர்மானிக்கும் எழுத்து அது.

இவற்றைவிடக் குறும்பான பொறி ஒன்றும் உண்டு. ‘ஆந்த்ரா’ (நுழைந்தான்), ‘மோந்த்ரா’ (காட்டினான்) போன்றவற்றில் பகுதியே ‘ர்’ ஒலியில் முடிவதால், சொல்லின் ஈறு எதிர்கால விகுதியைப் போலவே தோன்றும். கட்டத்தை மேலோட்டமாகப் பார்த்தவர் ‘நுழைவான், காட்டுவான்’ என்று படித்துக்கொண்டு போவார். கதையில் நடந்து முடிந்தது அவருக்கு இனிமேல்தான் நடக்கப்போகிறது!

‘யாரும் பேசுவதில்லை’ என்னும் வாதம் தமிழரிடம் எடுபடவே கூடாது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று எந்த வீட்டுத் திண்ணையிலும் யாரும் சொல்வதில்லை. அதற்காக அதை வெளிநாட்டு மாணவருக்குக் கற்பிக்காமல் விட்டு, நாளிதழை அவர் கையில் கொடுப்பாருண்டா? பேச்சில் இல்லாத வடிவம் செத்த வடிவம் என்பது இரட்டை வழக்கை அறியாதவர்கள் சொல்லத்தக்கது. பிரான்சிலும் எழுத்துக் கூட்டக் கற்கும் குழந்தை இந்த வடிவங்களைத் தேவதைக் கதைகளில் கேட்டே வளர்கிறது. 1943இல் வெளிவந்த ‘குட்டி இளவரசன்’ கதையை விமானி தன்மை ஒருமையில் சொல்லும் காலமும் பெரிதும் இதுதான்.

அங்கேயும் சுருக்கும் முயற்சி நடந்தது. 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தொடக்கப் பள்ளியின் இறுதியாண்டுகளிலும் அதை அடுத்த ஆண்டிலும் இந்தக் காலத்தின் படர்க்கை வடிவங்களை மட்டும் கற்பித்தால் போதும் என்றது. பெரும் சர்ச்சை எழுந்தது. இத்தகைய சுருக்கத்துக்கு மொழியியல் துணை தேடுவோர் எமில் பென்வெனிஸ்தின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையை இழுக்கலாம். நிகழ்ச்சிகளைச் சொல்வோன் மறைந்து நிற்கும் ‘வரலாறு’ ஒருபுறம், ‘நான்-நீ’ உறவில் பிறக்கும் ‘உரையாடல்’ மறுபுறம் என்று பிரித்த அவர், தனி இறந்தகாலத்தை முன்னதற்கு ஒதுக்கித் தன்மை வடிவத்துக்கு ஏறத்தாழ இடமே தரவில்லை. பாகுபாடு ஆழமானது, அந்த விலக்கு மட்டும் மிகையானது. ரூசோவின் தன்வரலாற்றைத் திறந்தவர் எவரும் தன்மை ஒருமை வடிவங்கள் பக்கம் பக்கமாக நிற்பதைக் காண்பார். இக்காலத்தை ஒதுக்கி எழுதிய நாவலை உணரவும் இதுவே தேவைப்படுகிறது. 1942இல் கம்யு ‘அந்நியன்’ நாவலைப் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்தில் எழுதினார். வாசகர் எதிர்பார்த்த காலம் அங்கே இல்லை என்பதால்தான் அது அதிர்ச்சி தந்தது. மறு ஆண்டே சார்த்ர் அதைப் பற்றி எழுதினார். ‘எளிது’ என்று அதே நாவலை முதல் நூலாகக் கையில் வாங்கும் நம் மாணவருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. தனக்குத் தெரிந்த ஒரே இறந்தகாலத்தில் அது இருக்கிறது, அவ்வளவே.

பிரெஞ்சுக் குழந்தைக்குப் படர்க்கை போதுமோ போதாதோ, இந்திய ஆய்வாளருக்குப் போதவே போதாது. ஔரங்கசீப் காலத்து இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மருத்துவர் பெர்னியே, 1676இல் தம் ஆறு பயணங்களை அச்சேற்றிய வைர வணிகர் தவெர்னியே, புதுச்சேரியை நிலைநாட்டிய பிரான்சுவா மர்த்தேன் ஆகியோர் இந்நாட்டைப் பற்றி பிரெஞ்சில் எழுதி வைத்தவர்கள். பயணி ‘புறப்பட்டேன்’ என்பார், ‘வந்து சேர்ந்தோம்’ என்பார். தன்மை ஒருமையும் தன்மைப் பன்மையும் இல்லாமல் ஒரு நாள் பயணத்தைக்கூட இவர்களோடு கடக்க முடியாது. கோல்கொண்டாச் சுரங்கங்களைப் பற்றி அறிய விரும்பும் வரலாற்று மாணவர், பிரெஞ்சில் பட்டயம் பெற்றிருந்தும், 1889இல் வாலண்டைன் பால் என்னும் நிலவியலாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிடமே திரும்புகிறார். அந்த மொழிபெயர்ப்பு மோசமானது என்பதல்ல குறை. மூலத்தைத் திறந்து சரிபார்க்கும் வழி, தேர்வுக்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அடைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாப் பழைய வடிவங்களையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இறந்தகாலச் சார்பு வினையை உண்மையிலேயே கட்டத்துக்குள் விட்டுவிடலாம். அதை இழந்து வாசிப்பு நின்றுவிடாது. இக்காலத்தில் மாணவர் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் இல்லை. தொடர் இறந்தகாலம் முடிந்த மறுவாரமே ஒழுங்கான மூன்று வகுப்புகளின் ஆறு இடங்களையும் வாய்விட்டுச் சொல்ல வைத்து, ஒரு பக்கத்தைக் கொடுத்து ஒவ்வொரு வினைக்கும் அகராதி வடிவத்தைக் கண்டெழுதச் சொன்னால், நான்கைந்து வகுப்புகளில் முடியும். பெர்னியேவின், தவெர்னியேவின் பக்கங்களை அதற்குப் பயன்படுத்தலாம். தன்மைப் பன்மை விகுதியின் ‘ஆ’வுக்கு மேல் இன்று நிற்கும் கூரைக்குறி, முன்பு அங்கே எழுதப்பட்ட ‘எஸ்’ஸின் எச்சம். 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ‘இ’, ‘யு’ ஆகியவற்றின் மேலிருந்து இக்குறியைப் பல சொற்களில் நீக்கியபோதும் இந்த விகுதிகளில் அதைத் தொடவில்லை. பழைய அச்சில் குறிக்குப் பதிலாக அந்த ‘எஸ்’ஸே நின்றால், ஆறு விகுதிகளையும் அறிந்த மாணவர் அதை அச்சுப்பிழை என்று கருதாமல் ‘வந்து சேர்ந்தோம்’ என்றே படித்துவிடுவார்.