விறகுக்குப் போகும் பெட்டி மரம்: முதலில் ஒரு ஜோடிக் குதிரை செய்யுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மரம் என்றால் இன்று வேம்பும் கருவேலும் மட்டுமல்ல. தொழிற்சாலைகளிலிருந்து லாரி லாரியாக வெளிவரும் பெட்டி மரமும்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. உதிரி பாகம் செய்யும் ஆலைகள் பலவும் உடன் வந்தன. வெளிநாட்டு இயந்திரங்களும் பாகங்களும் பைன் மரப் பெட்டிகளிலும், பேலட் என்னும் மரத் தட்டுகளிலும் வந்து இறங்குகின்றன. சரக்கை எடுத்த பிறகு அந்த மரம் பழைய சாமான் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. நல்லது மறுபடி பெட்டியாகிறது. உடைந்தது அடுப்புக்குப் போகிறது.

உடைந்த மரத்திலும் இரண்டடி, மூன்றடி நல்ல துண்டுகள் நிறையக் கிடைக்கும். அவற்றை விறகு விலைக்கு வாங்கி எரிப்பது சரியல்ல என்பது நம் கருத்து. நிலம் மிஞ்சியிருக்கும் விவசாயிகள் அந்த மரத்தைக் கொண்டு முதலில் செய்ய வேண்டியது கட்டிலோ பெஞ்சோ அல்ல. மரம் அறுப்பதற்குத் தாங்கலாக நிற்கும் நான்கு கால் குதிரைகள் இரண்டு செய்து கொள்ள வேண்டும்.

நம் களத்து மேட்டில் மரம் அறுக்கும் முறையைப் பாருங்கள். சவுக்குக் கழியைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக் கொண்டு, குனிந்து அறுக்கிறோம். வாளின் பல் மண்ணில் பட்டு மழுங்குகிறது. இடுப்பு வலி மிச்சம். இரண்டு கல்லின் மேல் வைத்து நடுவில் அறுத்தாலோ, பாதி வந்ததும் கழி உள்வாங்கி வாளைக் கவ்விக் கொள்கிறது. குதிரை இரண்டு இருந்தால், அறுக்க வேண்டிய துண்டை வெளியே நீட்டி வைத்து அறுக்கலாம். துண்டு தானாகத் தொங்கி விழும், வாள் சிக்காது. குதிரைகளின் மேல் பலகை போட்டால் காய்கறி தரம் பிரிக்கலாம், நாற்றுத் தட்டு அடுக்கலாம், தெளிப்பானைப் பிரித்துச் சரி பார்க்கலாம்.

இரும்பில் வாங்கிக் கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வாங்கலாம். ஆனால் வாள் தவறி இரும்பின் மேல் பட்டால் பல் போயிற்று. மரக்குதிரையில் பட்டால் குதிரைக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான். மேல் கட்டை தேய்ந்து போனால் வேறு மாற்றிக் கொள்ளலாம்.

பெட்டி மரம் வாங்கும்போது அதில் உள்ள முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002-ல் சர்வதேச விதி ஒன்று ஏற்கப்பட்டது. கோதுமைக் கதிர்ச் சின்னத்தின் பக்கத்தில் ஆங்கிலத்தில் எச்.டி. என்று இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு காட்டப்பட்டது. எச்.டி. மரத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. எம்.பி. மரத்தை அடுப்பில் எரிக்க வேண்டாம். எண்ணெய் ஊறியது, மருந்து வாடை அடிப்பது எதுவானாலும் வாங்காமல் விட்டு விடலாம்.

அடுத்த தொல்லை ஆணி. பெட்டி ஆணிகளில் பல முறுக்கு ஆணிகள், எளிதில் வராது. பிடுங்க முடியாத இடத்தை அறுத்து ஒதுக்கி விட்டு நடுத்துண்டை எடுத்துக் கொள்ளவும். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளியின் வாய் கெட்டுப் போகும்.

இனி அளவு. மேல் கட்டை 3 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். கனமான இயந்திரப் பெட்டிகளின் அடிக்கட்டை இதற்கு ஏற்றது. கால்கள் நான்கும் 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். உயரம் 24 அங்குலம் வைத்து, காலை 7 அங்குலம் வெளியே சாய்த்தால் காலின் நீளம் சரியாக 25 அங்குலம் வரும். கணக்குப் போடவே வேண்டாம். முனையைச் சாய்வாக அறுக்க வேண்டியிருப்பதால் 27 அங்குலமாக வெட்டிக் கொள்ளவும். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் படம் போட்டு, அதன் மேல் காலை வைத்துக் கோடு எடுத்தால் தவறு வராது. கடைகளில் விற்கும் சில குதிரைகள் நீளவாக்கிலும் சாய்ந்திருக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு அந்த இரட்டைச் சாய்வு வேண்டாம்.

வேலையின் உயிர்நிலை காடியில்தான் இருக்கிறது. கட்டையின் இரு முனையிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே தள்ளி, பக்கவாட்டில் காலின் அகலத்துக்குச் சரியாகப் பள்ளம் எடுக்க வேண்டும். மேலே 7 நூல் ஆழம். கீழே வரவரக் குறைந்து ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் மட்டுமே கால் உள்ளே போகும்படி இறுக்கமாக இருப்பது அவசியம். அப்போதுதான் பாரத்தை மரம் மரத்தின் மேல் சுமக்கும். வெறும் ஆணியில் நிற்கும் குதிரை விரைவில் ஆடத் தொடங்கிவிடும். பைன் மரம் பிளக்கும் தன்மை உள்ளது; ஆதலால் முன்கூட்டித் துளையிட்டு, காலுக்கு இரண்டு திருகாணி போடவும். இரு கால்களையும் சேர்த்துக் கட்டைக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை இரு முனையிலும் அறைந்து விட்டால் கால் விரியாது. பேலட்டின் மெல்லிய பலகை இதற்குப் போதும்.

நான்கு காலும் தரையில் சமமாக நிற்காது. ஆசாரி செய்தாலும் முதலில் நிற்காது. சமதளத்தில் நிறுத்தி, தூக்கிய காலுக்கு அடியில் சிராய் செருகி, ஆட்டம் நின்றதும் ஒரே கனமுள்ள ஒரு கட்டையைத் தரையோடு நகர்த்தி, எல்லாக் கால்களிலும் கோடு போட்டு அறுத்து விடலாம்.

காடி எடுப்பதைப் படத்தைப் பார்த்துக் கற்பது கடினம். கலப்பையும் மாட்டு வண்டியும் இருந்தவரை தச்சருக்கு ஊரில் வேலை இருந்தது. அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல் அளப்பார்கள். டிராக்டர் வந்தபின் அந்த வேலை போயிற்று. வயதான தச்சர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவரை அழைத்து, ஒரு நாள் கூலி கொடுத்து, வீட்டுப் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து முதல் குதிரையைச் செய்யச் சொல்லவும். இரண்டாவது குதிரையைப் பிள்ளைகள் செய்யட்டும். நோக்கியா ஆலை 2006-ல் வந்து 2014-ல் மூடியதைப் பார்த்த வட்டாரம் இது. ஆலை வேலையை நம்பியிருக்கும் பிள்ளைக்கும் உளி பிடிக்கத் தெரிந்திருப்பதில் நஷ்டமில்லை.

ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றடிக்கு மேற்பட்ட, ஆணி குறைந்த துண்டுகளை விறகோடு கலக்காமல் தனியே அடுக்கி, பக்கத்து ஊராட்சிகள் வழியாக விவசாயிகளுக்கு விற்க வகை செய்யலாம். ஒப்பந்தக்காரருக்கும் இதில் விறகைவிடக் கூடுதல் விலை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சூடேற்றிய மரம் என்றால் கரையான் அரிக்காது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சூடு ஏற்கெனவே உள்ளே இருந்த பூச்சியைக் கொல்வதற்குத்தான். பிறகு வரும் கரையானுக்குப் பைன் மரம் நல்ல தீனி. கால் முனையில் ஒரு சாண் உயரம் தார் பூசி, ஐப்பசி மழை தொடங்குமுன் குதிரைகளைக் கொட்டகைக்குள் எடுத்துச் சென்று செங்கல் மேல் நிறுத்தி வைக்கவும்.