அழிக்கும் முன் ஒரு பதிவு

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து மலையோர ஊர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி வனத்துறையும் காவல்துறையும் கேட்பது புதிதல்ல. அந்தக் கோரிக்கை நியாயமானது. 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் இரண்டு வன உயிரின சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. யானையும் சிறுத்தையும் புள்ளிமானும் நடமாடும் அந்தக் காடுகளின் ஓரத்தில் கணக்கில் வராத துப்பாக்கி இருக்கவே கூடாது. ஆனால் ஒப்படைத்த துப்பாக்கி உடைக்கப்படும்போது குழலோடு அதைத் தாங்கிய மரக்கட்டையும் போய்விடுகிறது. அதைச் செதுக்கிய தச்சரின் கைவேலைக்கு வேறு சாட்சி இல்லை. எனவே அழிக்கும் முன் அந்த மரவேலையை அளந்து, படம் எடுத்து, பதிவு செய்ய வேண்டும்.

ஒரு மரத்துண்டு என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பாருங்கள். அவற்றின் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்று போக, எண்ணெயோ கொழுப்போ தடவிய சிறு துணியில் பொதிந்து வாய்வழியே அதை இடித்து இறக்குவார்கள். துணியை வைக்கத் துப்பாக்கிக் கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு குழி இருக்கும். அதற்கு இழுத்துத் திறக்கும் மரமூடி. பள்ளிப் பிள்ளைகளின் பழைய மரப் பென்சில் பெட்டி மூடியைப் போன்றதுதான். ஆனால் வேலை கடினம். காடியின் அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால்தான் மூடி மேலே கழன்று வராது. மழைக்காலத்தில் மரம் பருத்து இறுகும், வெயிலில் சுருங்கித் தளரும் என்பதால் நன்கு உலர்ந்த மரம் வேண்டும். இழை ஓட்டமும் கட்டையோடு ஒத்துப்போக வேண்டும். ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறிய கைவினைஞர்கள் இந்த மூடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கீல் வைத்த பித்தளை மூடிகள் பெருகின. இன்று அங்கே மூடியின் அமைப்பும் ஒரு துப்பாக்கியின் காலத்தையும் வட்டாரத்தையும் கணிக்க உதவுகிறது. துப்பாக்கிகள் மிஞ்சியதாலும், ஒவ்வொன்றையும் அளந்து எழுதிவைத்ததாலும் கிடைத்த அறிவு இது.

நம் பக்கம் நிலைமை வேறு. இன்றைய தருமபுரி அடங்கிய பாராமகால் 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவருடைய பட்டறைகளின் துப்பாக்கிகள் வேலைப்பாட்டோடும் ஆண்டுக் குறிப்போடும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அரசனின் ஆயுதத்துக்கு வரலாறு கிடைத்தது. ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்ததற்கு வழக்குக் கோப்பில் ஓர் எண்தான் கிடைக்கிறது. நாட்டுத் துப்பாக்கியின் குழலில் பெரும்பாலும் வரிகள் இல்லாததால் துணிப்பெட்டிக்கு அதில் வேலையில்லை. ஆனாலும் எந்த மரத்தைத் தேர்ந்தார்கள், குழலை எப்படிப் பதித்தார்கள், தோளுக்கு எந்தச் சாய்வில் இழைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டையில் இருக்கும்.

இது வேட்டையைப் பெருமைப்படுத்தாதா என்ற கேள்வி எழும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்களின் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் ஆநிரை கவரக் கிளம்பவில்லை. துப்பாக்கி செய்யக் கற்றுக்கொடுத்ததாக ஆகாதா என்ற அச்சம் இன்னும் கனமானது. அதனால்தான் சுடும் பொறியையும் குழலையும் விட்டு, மரவேலையை மட்டும் பதிவு செய்யச் சொல்கிறேன். பெரும்பாலானவை அண்மையில் ஒட்டுப்போட்ட முரட்டுச் சாமான்கள்தானே என்றால், பழையதையும் புதியதையும் பிரிக்கவே பதிவு வேண்டும். பெயர் வெளியே வரும் என்று பயந்தால் யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே பதிவில் பெயர் கூடாது, வட்டாரம் போதும். வழக்கில் உள்ள துப்பாக்கியைத் தீர்ப்பு வரும்வரை தொடக் கூடாது. தாமாக ஒப்படைத்தவற்றில் தொடங்கலாம்.

சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதங்களை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருளாக மதிக்கிறது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். அருங்காட்சியக அலுவலர் ஒருவர், மரம் அறிந்த தச்சர் ஒருவர், ஒரு கேமரா, ஓர் அளவுகோல் இருந்தால் போதும், பெரும் செலவில்லை. இரண்டு துறைகளும் மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி, அடுத்த ஒப்படைப்பு முகாமிலேயே இதைத் தொடங்க வேண்டும். காடு துப்பாக்கியிலிருந்து விடுபடட்டும். மரத்தை இழைத்தவரின் கைத்திறன், பெயர் தெரியாவிட்டாலும், மாவட்டத்தின் ஆவணத்தில் இருக்கட்டும்.