பேட்டை மன்றத்தின் சரத் காலம்

ஜப்பானின் சரத் காலம் என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன, நவம்பர் இறுதியில் கியோத்தோ நகரத்துக் கோயில் வளாகங்களில் செக்கச்செவேலென்று நிற்கும் மேப்பிள் மரங்களும், அவற்றைப் படம் பிடிப்பதற்காக நாலா திசைகளிலிருந்தும் வந்து ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளும் யாத்திரிகர் கூட்டமுமேயாகும். அந்தச் சௌந்தரியத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும், அந்நாட்டார் இப்பருவத்தை மெய்யாக அனுபவிக்கும் இடம், எந்த வழிகாட்டி நூலும் பொருட்படுத்தாத, அவரவர் பேட்டையிலுள்ள ‘கோமின்கான்’ என்னும் பொதுமக்கள் மன்றமே என்பது என் அபிப்பிராயம்.

யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, ஒரு படி அரிசிக்கு ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த 1946ஆம் வருஷத்தில், கல்வி அமைச்சின் அதிகாரியான தெரானாகா சாக்குவோ என்பவர் ஊர்தோறும் இத்தகைய மன்றம் வேண்டுமென்று வற்புறுத்த, அமைச்சும் அவ்வாண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 1949இல் இயற்றப்பட்ட சமூகக் கல்விச் சட்டம் அதற்கு ஸ்திரமான அஸ்திவாரமாயிற்று. சோற்றுக்கே வழியில்லாத வேளையில் கூடிப் பேசவும் பாடவும் ஓர் அறை எதற்கு என்று கேளாமல், அப்படிப்பட்ட வேளையில்தான் அது வேண்டும் என்று துணிந்தார்களே, அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அம்மன்றங்களில் தூரிகை எழுத்து, மலர் அலங்காரம், ஹைக்கூ, கோஷ்டி கானம் என்று ஆண்டு முழுதும் வகுப்புகள் நடக்கின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுச் சற்றே மூச்சுவிடும் தாய்மார்களுமே. வெயிலின் உக்கிரம் தணிந்து அக்டோபர் பிறந்ததும் மன்றம் விழாக்கோலம் பூணத் தொடங்குகிறது. 1948 முதல் கலாசார தினமாகக் கொண்டாடப்படும் நவம்பர் 3ஆம் தேதியை ஒட்டி, அவ்வகுப்பினர் தங்கள் கைவேலைகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டு, அண்டை அயலாரையும் பேரன் பேத்திகளையும் அழைத்துக் காட்டுகிறார்கள். தொங்கும் எழுத்துகளில் பல கோணலாயிருக்கும். பாட்டில் சுருதி விலகும். அதனால் என்ன? தேர்ந்த வித்வான்களின் கச்சேரியைக் கேட்டுத் தலையசைப்பது எவருக்கும் எளிது. அறுபது வயதுக்குமேல் அரைகுறையாகக் கற்றதொன்றை, தினந்தோறும் முகம் பார்க்கும் பக்கத்து வீட்டார் முன்னிலையில் கூச்சமின்றி வைப்பதற்கு வேறொரு தைரியம் வேண்டும். அதைச் சிரிக்காமல் பார்க்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பண்பு வேண்டும்.

வடகிழக்கிலுள்ள யாமகாத்தா பிரதேசத்தில் இந்தச் சிநேகம் ஆற்றங்கரைக்கே இறங்கி வந்துவிடுகிறது. இலையுதிர் காலம் வந்தால் குடும்பத்தாரும், அயலாரும், உடன் பணிபுரிபவரும் மணல்திட்டில் கல்லடுப்பு மூட்டி, நமது சேப்பங்கிழங்கின் நெருங்கிய உறவான கிழங்கை மாட்டிறைச்சியோடும் சோயா ரசத்தோடும் கொதிக்கவைத்து உண்கிறார்கள். கடைகளில் விறகு விலைக்கும் பானை இரவலுக்கும் கிடைக்கும். அடுத்துள்ள செந்தாய் நகரத்தாரோ பன்றியிறைச்சியும் மிஸோ என்னும் புளித்த சோயா விழுதும் சேர்ப்பதே முறையென்பர். இந்த வியாஜ்யம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது, தீரவேண்டுமென்ற ஆசை இரு தரப்பாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. யாமகாத்தா நகரில் 1989 முதல் நடைபெறும் திருவிழாவிலோ, ஆறு மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள கொப்பரையிலிருந்து மண்வாரி யந்திரம் குழம்பை முகந்து கொடுக்கிறது. விநோதந்தான், எனினும் நான் போவதானால் நாலு குடும்பத்துக்குப் போதுமான சிறு பானையின் பக்கமே போவேன்.

மீண்டும் கோமின்கானுக்கு வருவோம்: அம்மன்றங்களின் எண்ணிக்கை கடந்த இருபதாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் விசாரத்துக்குரியது. ஜனத்தொகை சுருங்குகிறது, நகரசபைகள் பல ஒன்றோடொன்று இணைந்துவிட்டன, பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கப் பணமில்லை. ஆகவே, இவ்வறையால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால், துணையை இழந்து தனியே வாழும் முதியவர் ஒருவர் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லையென்றால், மூன்றாம் வாரம் சக மாணாக்கர் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறாரே, அந்த உபகாரத்தை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் ஆகும் செலவையாவது கணக்கர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டத்தை அந்நாட்டு நகரசபைகள் பிப்ரவரி, மார்ச் மாதக் குளிரில், மன்றங்கள் களையிழந்திருக்கும் சமயத்தில் விவாதிக்கின்றன. மூடத்தான் வேண்டுமென்றால், அந்தத் தீர்மானத்தை நவம்பர் முதல் வாரத்தில், அந்த மன்றத்திலேயே, கோணல் எழுத்துகள் தொங்கும் சுவர்களுக்கு நடுவே அமர்ந்து நிறைவேற்றட்டும்.