தண்ணீர் வேண்டாம், கலர் இருக்கா?

என் சிறுவயதில் ஊர்த்தெருக்காரர் யாராவது எங்கள் சேரிக்கு வந்தால் அப்பா என்னைக் கடைக்கு விரட்டுவார். எங்கள் வீட்டுச் சொம்பில் அவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூடி திறக்காத கலர் பாட்டில் என்றால் குடிப்பார்கள். தீட்டு கண்ணாடிக்குள் நுழையாது போலும். அவர்கள் மிச்சம் வைத்துப் போன ஆரஞ்சு நிறத் தண்ணீருக்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். அப்போது அது அவமானமாகத் தெரியவில்லை, இனித்தது.

அதனால் கூல்டிரிங்ஸ் குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்து எனக்குச் சிரிக்க வராது. அக்கா மகனுக்கு வயது 15, விடுதியில் தங்கிப் படிக்கிறான். மருத்துவ முகாமில் எடை பார்த்தவர் எல்லோர் முன்னாலும் "வாயைக் கட்டுடா" என்று சொல்லிவிட்டார். அன்றே கோலாவை விட்டுவிட்டு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டுக்கு மாறிவிட்டான். "பழம்தானே மாமா?"

பழம் இல்லை. 'பழ பானம்' என்று பெயர் போட 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் சட்டப்படி போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். சர்க்கரையே சேர்க்காத சாற்றுக்கும் முழு விலக்கு கிடையாது. சாறாகப் பிழிந்த பழத்தின் இனிப்பையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் கணக்கில் எடுத்தது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அப்படிப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்றது. 250 மில்லி கோலா ஒன்றே அதைத் தீர்த்துவிடும். மென்று தின்ற பழம் வயிற்றை நிரப்பும். குடித்த இனிப்பு நிரப்பாது, அடுத்த வேளைச் சோறும் குறையாது. எடை ஏறுவது இப்படித்தான்.

அரசும் என் மருமகனைப் போலத்தான் யோசிக்கிறது. 2025 செப்டம்பரில் கோலா வகைகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பழ பானத்துக்கோ 12இலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள்.

எடை, டயட் எல்லாம் நடுத்தர வர்க்கக் கவலை என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். என் அம்மா 45 வயதில் இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அவர்.

வரி பயன்படும்தான். மெக்சிகோ 2014இல் வரி போட்டதும் முதல் ஆண்டிலேயே இனிப்புப் பானங்கள் வாங்குவது சுமார் 6 சதவீதம் குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் 9 சதவீதம். ஆனால் பாட்டிலைப் பிடுங்கினால் கையில் எதைக் கொடுப்பது? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தார்கள். அதற்குப் பிறகு தொட்டித் தண்ணீரை நம்பிக் குடி என்று எங்கள் பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? அவன் விடுதித் தொட்டியை நானே ஏறிப் பார்த்தேன். மூடி இல்லை, உள்ளே பாசி.

போன மாதம் அவன் அறைக்கு 20 லிட்டர் கேன் ஒன்று ஏற்பாடு செய்தேன். அறையில் 30 பேர். மதியத்துக்குள் காலியாகிவிடுகிறதாம்.