மதினி, அங்க சாரல் கெடக்கா?

ஆனி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வீடுகளிலிருந்து தென்காசிக்கும் மேலகரத்துக்கும் போன் பறக்கும். ‘‘மதினி, அங்க சாரல் கெடக்கா?’’ என்பதுதான் முதல் கேள்வி. நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். ‘‘தண்ணி விழுது, ஆனா வெயில் அடிக்கு’’ என்று பதில் வந்தால், எடுத்துவைத்த பை மறுபடி பரணுக்குப் போய்விடும். ‘‘ரெண்டு நாளா வெயிலே இல்ல, பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க’’ என்றால் மறுநாள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்குத் திட்டம் போடுவது காலண்டரைப் பார்த்து. லீவு என்றைக்கு, ரூம் என்றைக்குக் கிடைக்கும் என்று பார்த்து முடித்த பிறகுதான் அருவி ஞாபகமே வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் மலையைக் கேட்டுவிட்டு நாளைக் குறிக்கிறார்கள். குல்மார்க்கில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் பனி விழுந்ததா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவதைப் போலத்தான்.

சங்கரன்கோவிலில் அந்த மாதங்களில் பெரிதாக மழை கிடையாது. புழுதியைக் கிளப்பும் காற்றுதான். கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் காற்று, ஆரியங்காவுப் பக்கம் மலையில் இருக்கும் இடைவெளி வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. நுழையும்போது பொடிப்பொடியாகத் துளியையும் அள்ளி வருகிறது. அதுதான் சாரல். தண்ணீரும் சாரலும் சேர்ந்தால்தான் சீசன். தண்ணீர் மட்டும் இருந்தால் அது வெறும் குளியல் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களின் தீர்ப்பு.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. செவ்வாய், புதன் என்றால் உத்தமம். சனி, ஞாயிறு பக்கமே போகமாட்டார்கள். ஆடி அமாவாசை அன்றும் வேண்டாம்; தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் இருக்கும். சிக்கலே ஆடித்தபசில்தான். கோமதி அம்மனின் தபசுக் காட்சியைப் பார்க்க வந்த சொந்தபந்தம் அத்தனையும் வீட்டில் கிடக்கும். ‘‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, நாளைக்கு அருவிக்குப் போவோமா?’’ என்று யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். அதே நினைப்போடு நூறு வேன் கிளம்பியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது!

மதுரை - செங்கோட்டை ரயிலில் ஏறினால் பாம்புக்கோயில் சந்தை, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். தூக்குவாளியில் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அருவியில் நின்றுவிட்டு வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். சாப்பாட்டைக் குரங்குகளின் கண்ணில் காட்டாமல் பிரிப்பது தனிக் கலை. தாலிச் செயினைத் தவிர மற்ற நகையெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்பதால் அவையும் பையில் ஏறாது. பைக்குக் காவலாக ஒருவர் கரையில் உட்கார வேண்டும். பெரும்பாலும் ‘‘எனக்கு முட்டுவலி, நீங்க போங்க’’ என்று ஆச்சிதான் உட்காருவார். அவரைக் கடைசியாகப் புலியருவிக்குக் கூட்டிப்போய் நனைத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான் தோது.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. நடுவில் பொங்குமாக்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்த பிறகுதான் தலைக்கு வருகிறது. இல்லாவிட்டால் அந்தத் தண்ணீருக்கு அடியில் யாரும் நிற்க முடியாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் தடை போட்டுவிடுவார்கள். கெஞ்சிப் பார்க்கிறவர்கள், ‘‘அஞ்சு நிமிஷம் சார்’’ என்கிறவர்கள் எல்லாம் தூரத்து ஊர்க்காரர்கள்தான். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ரூமுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, லீவு முடியப்போகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. மலைக்கு மேலே பெய்த மழையில் திடீரென வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது சீசன்கூட இல்லை, கோடை விடுமுறை. மேலே பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பழகியவர்கள் குளிக்கும்போதும் தண்ணீரின் நிறத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ போதும். தலையைத் துவட்டக்கூட நிற்காமல் பிள்ளையின் கையைப் பிடித்துக் கரையேறிவிடுவார்கள். கேட்டால், ‘‘அருவி எங்க போயிரும்?’’ என்பார்கள்.

தடை போட்ட நாளிலும் அவர்களுக்குப் பொழுது போகும். குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் சுவர் ஓவியங்களைப் பார்க்கலாம். ஆண்கள் செங்கோட்டைப் பக்கம் பரோட்டாவுக்கு நழுவப் பார்ப்பார்கள். கடைத்தெருவில் மங்குஸ்தான் விலை கேட்டு, பேரம் பேசி, கடைசியில் ரம்புட்டான் வாங்கிக்கொண்டு, நனையாத துண்டோடு ரயிலேறுவார்கள். வீட்டுக்கு வந்ததும் மதினிக்குத்தான் போன்: ‘‘தண்ணி குறைஞ்சதும் சொல்லுங்க, என்ன?’’