ஒற்றைக் காலில் பத்து விநாடி

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையின் முன் நிற்பவர்கள் முதலில் யானைகளைப் பார்க்கிறார்கள். பிறகு கண் இடப்பக்கம் மேலேறி அந்தத் தவசியிடம் போய் நிற்கிறது. விலா எலும்புகள் தெரிய, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவரை அர்ச்சுனன் என்போரும் உண்டு, பகீரதன் என்போரும் உண்டு. கீழே யானையின் அருகில் ஒரு பூனையும் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்வதுபோல் நடிக்கிறது. எலிகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கல்லில் வடித்த அந்த நிலையை இன்று மருத்துவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதியவர்களிடம் கேட்கிறார்கள். பத்து விநாடி நின்றால் போதும்.

பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1702 பேரை இவ்வாறு நிற்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. தூக்கிய காலின் முன்பாதத்தை நிற்கும் காலின் பின்புறம் வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, நேரே பார்க்க வேண்டும். மூன்று முறை முயலலாம். ஐவரில் ஒருவரால் இயலவில்லை. 71 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றனர். அடுத்த ஏழாண்டுகளில் நின்றவர்களைவிட நிற்க முடியாதவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்று பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடலுக்குள் வேறு பல நலிவுகள் இருப்பதைத் தள்ளாட்டம் வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

கேளம்பாக்கத்தில் இன்று இது ஏட்டளவிலான செய்தி அன்று. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகளின் வேலையை முன்னிட்டுச் சொந்த ஊரை விட்டு வந்த பெற்றோர் பலர் வாழ்கிறார்கள். பிறந்த ஊரில் இருட்டிலும் தடுமாறாமல் நடந்த தெருவும் கோயிலும் இங்கே இல்லை. திருப்போரூர்க் கந்தசுவாமியோ, திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளோ, புதுப்பாக்கம் மலைமேல் இருக்கும் ஆஞ்சநேயரோ, யாரைத் தரிசிக்க வேண்டுமானாலும் பிள்ளைகளின் காரும் பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். ஒரு நாள் பிராகாரத்தில் கால் இடறிவிட்டால் போதும். "அம்மா, இனி நீங்கள் வர வேண்டாம், நாங்கள் போய்ப் பிரசாதம் கொண்டுவருகிறோம்" என்று அன்போடு கதவு சாத்தப்படும். இதற்கு அஞ்சியே பெரியவர்கள் குளியலறையில் விழுந்ததையும் சொல்லாமல் மறைக்கிறார்கள். இரு தரப்பிலும் பாசம் இருக்கிறது. அளவு மட்டும் இல்லை.

வீட்டோடு இருந்துவிட்டால் விழாமல் இருக்கலாம் என்ற எண்ணம் தவறு. நடை குறைந்தால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் கால் தளர்கிறது. பிறகு கூடத்திலேயே விழுகிறார்கள். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு இருமடங்காகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுவதால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஆகவே "போகலாமா, கூடாதா" என்று வீட்டில் வாதிடுவதற்கு முன், நிலை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்ப்பதே முறை.

அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கை வைத்த நாற்காலி ஒன்று, தரையில் மூன்று மீட்டர் தொலைவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு, ஒரு கடிகாரம். நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருப்பவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கிடுகிறது. முதலில் 1986இல் இந்தச் சோதனை வந்தபோது மருத்துவர் கண்ணால் பார்த்து மதிப்பெண் இடுவதாக இருந்தது. ஒருவர் கண்ணுக்குத் தள்ளாட்டமாகத் தெரிந்தது மற்றவர் கண்ணுக்கு நிதானமாகத் தெரியும். 1991இல் கனடாவைச் சேர்ந்த இருவர் அதில் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். அதன் பிறகே ஆறு மாதத்துக்கு முந்தைய நடையையும் இன்றைய நடையையும் ஒப்பிட முடிந்தது. முதல் எண்ணைக் காட்டிலும் இரண்டாவது எண்ணே நிறையப் பேசும்.

கால் வலுவை அறிய வேறொன்று உண்டு. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் குறைந்தால் கவனம் தேவை. பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இது புதிதன்று. நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயிருக்கும், அதுதான் வேறுபாடு. எந்தச் சோதனையானாலும் நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் கை நீட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். தலைசுற்றலோ மூட்டு வலியோ உள்ள நாளில் செய்யவே கூடாது.

வீட்டில் தேறியவர் கோயிலில் தடுமாறுவது ஏன் என்பது தனிக்கதை. நம் உடல் நிலைத்து நிற்கக் கண், உட்செவி, பாதம் ஆகிய மூன்றும் செய்தி தருகின்றன. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடு செய்யும். சித்திரை வெயிலிலிருந்து கருங்கல் மண்டபத்துக்குள் நுழையும்போது கண் சில நிமிடம் வேலை செய்வதில்லை. வயது ஏற ஏற இருட்டுக்குப் பழகும் நேரம் நீள்கிறது. அந்த நேரத்தில் பாதங்கள்தாம் துணை. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்தத் துணையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் இதையே கண்டறிந்தார். கால்களைச் சேர்த்து வைத்துக் கண் திறந்து நிற்கும்போது அசையாதவர், கண்ணை மூடியதும் ஆடினால், பாதத்திலிருந்து வரும் உணர்வு பழுது. இன்றும் அவர் பெயராலேயே அந்தச் சோதனை வழங்குகிறது. சன்னிதியில் கண் மூடிக் கைகூப்பி நிற்கும் ஒவ்வொருவரும் அறியாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வாசற்படியை மிதிக்காமல் தாண்டும் அந்த ஒரு கணமும் ஒற்றைக் கால் நிலைதான். ஆத்ம பிரதட்சிணமோ இன்னும் கடினம். 1989இல் கனடாவின் கேத்தரின் பெர்க் வகுத்த 14 செயல்கள் கொண்ட அளவுகோலில், நின்ற இடத்தில் முழுவதும் சுற்றித் திரும்புவதும் ஒன்று. இரு பக்கமும் ஒவ்வொரு சுற்றையும் நான்கு விநாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். மொத்தம் 56, 45க்குக் கீழே போனால் அபாயம் கூடுதல்.

நமஸ்காரம் செய்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதைப் பலரும் பக்திப் பரவசத்தில் பொருட்படுத்துவதில்லை. அது இரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுவது அவசியம். ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் பட்டினி இருந்துகொண்டு அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போல் விழுங்குவோர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

எந்த ஒரு சோதனையும் தனியாக நின்று இவர் விழுவார், இவர் விழமாட்டார் என்று தீர்ப்புச் சொல்லாது. எண்கள் குறைவாக வந்தால் அடுத்த படி இயன்முறை மருத்துவர். கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவமனை வளாகத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடக்கம். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இப்பகுதியிலிருந்து எட்டும் தூரந்தான். பயிற்சி பலன் தரும் என்பதில் ஐயமில்லை. 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சியால் முதியோர் விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டது. அதில் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின் எண்ணிக்கை 108. பக்தர்களுக்கு நன்கு பழகிய எண்.

வங்கி ஓய்வூதியர்கள் நவம்பர் தோறும் உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்கிறார்கள். அதே வாரத்தில் மூன்று மீட்டர் நடந்து பார்த்து, ஆன விநாடிகளைப் பழைய நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைக்கலாம். 9 விநாடி ஓராண்டில் 13 ஆகியிருந்தால் காரணம் தேட அது போதிய சான்று; கண்புரையாக இருக்கலாம், புதிதாகச் சேர்ந்த தூக்க மாத்திரையாக இருக்கலாம், முழங்காலாக இருக்கலாம். பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. அதுவரை திருப்போரூருக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள் கூட்டமில்லாத நாளைத் தேர்ந்து, மண்டபத்துள் நுழைந்ததும் கண் பழகும்வரை ஒரு தூணருகே பெரியவரை நிறுத்திவைத்து, எண்ணெய் சிந்தும் விளக்கு மேடையைச் சுற்றிக்கொண்டு நடத்திச் செல்லட்டும்.